வெள்ளி ஒன்று, சனி ஒன்று: மேடிசனிலிருந்து டுலூத் வரை

நாள் 1, வெள்ளி, மேடிசன்

ஹாக்கி என்றதும் நம் ஊரில் கோவில்பட்டி மைதானம் ஞாபகம் வரும். அதன் குளிர்நாட்டுப் பங்காளியைத் தேடித்தான் இந்த ஒன்பது நாள் பயணம். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி, சீசன் சூடு பிடித்திருக்கும் ஜனவரி மாதம். விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் கிளம்பி, மினியாபொலிஸ் வழியாக, சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் டுலூத்தில் முடிகிறது. மூன்று ஊர், மூன்று பல்கலைக்கழகம், ஒரே லீக். பெயர் டபிள்யூ.சி.எச்.ஏ. மொத்தம் 8 அணிகள்.

ஏன் இந்த லீக்? 2001-இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான தேசியக் கோப்பையை ஆரம்பித்தது. 2025 வரை 24 முறை நடந்திருக்கிறது. 2020-இல் மட்டும் கோவிட்டால் இல்லை. அந்த 24-இல் 21 கோப்பை இந்த ஒரு லீக்குக்குள்ளேயே இருக்கிறது. விஸ்கான்சின் 8, மினசோட்டா 6, மினசோட்டா டுலூத் 5, ஒஹையோ ஸ்டேட் 2. மீதி மூன்றையும் நியூயார்க் மாநிலத்து கிளார்க்சன் எடுத்துக்கொண்டது.

விஸ்கான்சின் பெண்கள் அணி ஆடும் லபான் அரினா 2012-இல் திறந்தது. 2,273 இருக்கை. பக்கத்தில் இருக்கும் கோல் சென்டர் (Kohl Center) என்ற பெரிய அரங்கத்தோடு ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். இருக்கை குறைவு என்பதால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குவது நல்லது. உள்ளே குளிரும், ஆனால் வெளியே அடிக்கிற குளிரில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. வெளிக்கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொள்ளலாம். விட்டுவிடக் கூடாதது காலுறை. இரண்டரை மணி நேரம் கான்கிரீட்டில் பாதம் வைத்து உட்கார்ந்தால் குளிர் கீழேயிருந்துதான் ஏறும்.

எங்கே உட்காருவது? கண்ணாடித் தடுப்பை ஒட்டிய முதல் மூன்று வரிசை பார்க்க ஆசையாக இருக்கும், வேண்டாம். கண்ணாடியில் விளக்கு மின்னும், எதிர் மூலையில் நடப்பது தெரியாது. எட்டாவது பத்தாவது வரிசையில், கோலுக்கும் நீலக்கோட்டுக்கும் (ஒவ்வொரு அணியின் எல்லையையும் காட்டும் கோடு) நடுவே உட்காருங்கள். எந்தப் பக்கத்துக் கோல் என்பதிலும் கணக்கு உண்டு. ஆட்டம் 20 நிமிடமாக மூன்று பீரியட், நடுவே 15 நிமிட இடைவேளை. ஒவ்வொரு பீரியடுக்கும் பக்கம் மாறுவார்கள். ஆகவே உங்கள் அணி முதல் பீரியடில் தாக்கும் பக்கத்தைப் பிடித்தால் மூன்றாவதிலும் அதே பக்கம் கிடைக்கும்.

நடுப் பீரியடுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. ஒரு முறை ஐஸில் இறங்கினால் 40, 45 விநாடிதான் ஓட முடியும். அதற்குள் ஆள் மாற வேண்டும். முதல், மூன்றாம் பீரியடில் தற்காப்பு வீராங்கனைகளின் பெஞ்ச் அவர்கள் காக்கும் கோலுக்குப் பக்கம். இரண்டாவதில் அது தூரமாகிவிடும். பக், அதாவது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வில்லை, தங்கள் எல்லைக்குள் மாட்டிக்கொண்டால், மூச்சு வாங்குகிற ஐந்து பேரும் பெஞ்சுக்குப் போக வழியில்லாமல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று நின்று தவிப்பார்கள். கடைசியில் யாராவது தவறிப்போய் எதிராளியைக் கொக்கி போட்டு இழுத்து இரண்டு நிமிடப் பெனால்டி வாங்குவார். இதற்கு 'நீள மாற்றம்' என்று பேர். இரண்டாம் பீரியடில் டீ வாங்கப் போகாதீர்கள்.

பெண்கள் ஆட்டத்தில் ஆளைக் குறிவைத்து மோதுவது குற்றம். பக்குக்காகத் தோளோடு தோள் உரசலாம். முகம் முழுவதையும் மூடும் கம்பி வலை கட்டாயம். மோதல் இல்லாததால் ஆட்டம் மென்மை என்று நினைப்பவர்கள் கண்ணாடி ஓரத்தில் நடக்கும் தள்ளுமுள்ளை ஒரு பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

நாள் 2, சனி, மேடிசன்

அதே இரண்டு அணி. அதே ஐஸ். மறுபடி ஒரு ஆட்டம்.

முதல் முறை பார்ப்பவர்களுக்கு இது விநோதமாகப்படும். காரணம் தூரம். இந்த லீக் மினசோட்டா மாநிலத்து வடபகுதியில் இருக்கும் பெமிஜியிலிருந்து ஒஹையோவின் கொலம்பஸ் வரை நீண்டு கிடக்கிறது. ஒரு ஆட்டத்துக்காக ஏழு மணி நேரம் பஸ்ஸில் போய் வர முடியாது. அதனால் வெள்ளி, சனி என்று ஜோடியாக வைத்துவிட்டார்கள். 7 எதிரணிகள், ஒவ்வொன்றோடும் 4 ஆட்டம், இரண்டு இங்கே, இரண்டு அங்கே. ஆக 28 லீக் ஆட்டம். ஒழுங்கு நேரத்தில் ஜெயித்தால் 3 புள்ளி. சமனானால் அணிக்கு மூன்று பேராக 5 நிமிட ஓவர்டைம். அதிலும் முடியாவிட்டால் ஒற்றைக்கு ஒற்றை ஷூட்-அவுட். இப்படிக் கூடுதல் நேரத்தில் ஜெயித்தவர்களுக்கு 2, தோற்றவர்களுக்கு 1. ஒரு வார இறுதிக்கு 6 புள்ளி பந்தயம். வெள்ளியன்று ஜெயித்துவிட்டு சனியன்று கோட்டை விட்டால் அந்த வாரம் பாதிக் கூலிதான்.

எங்களைக் கேட்டால், ஒரே டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சனிக்கிழமையை வாங்குங்கள். வெள்ளி இரவு முடிந்ததும் பயிற்சியாளர்கள் வீடியோவை வெட்டி ஒட்டிவிடுவார்கள். காலையில் வீராங்கனைகளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டாகப் போட்டுக் காட்டுவார்கள். அதன் பலன் மாலையில் ஐஸில் தெரியும். பார்க்க வேண்டியது மூன்று இடம்.

முதலாவது, சொந்த எல்லையிலிருந்து பக்கை வெளியே கொண்டுவருவது. வெள்ளியன்று எதிரணி இரண்டு பேரை ஆழமாக அனுப்பி நெருக்கியிருந்தால், ஓரச் சுவரோடு பக்கைத் தள்ளிய தற்காப்பு வீராங்கனை அதைத் திரும்பத் திரும்ப இழந்திருப்பார். சனியன்று அதே வீராங்கனை கோலுக்குப் பின்னால் சுற்றிப் போவதுபோல் போக்குக் காட்டி, வந்த வழியே தோழிக்குத் திருப்பி விடுவார். நெருக்க வந்த இரண்டு பேரும் தவறான பக்கத்தில் நிற்பார்கள்.

இரண்டாவது, பெனால்டி நேரம். பெனால்டி வாங்கியவர் வெளியே உட்கார, ஐந்துக்கு நால்வர். பெரும்பாலான அணிகள் 1-3-1 என்று நிற்கும்: நீலக்கோட்டில் ஒருவர், நடுவில் மூவர், கோல் வாசலில் ஒருவர். இடது வட்டத்தில் நிற்பவரின் நேரடி ஷாட்டில் வெள்ளியன்று கோல் விழுந்திருந்தால், சனியன்று தடுக்கிற நால்வரில் ஒருவர் அந்தப் பாதையிலேயே மட்டையைப் படுக்கவைத்து நிற்பார். அப்போது நடுவில் நிற்பவருக்கு இடம் கிடைக்கும். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும்; எதைத் திறந்துவிடுவது என்பதுதான் பயிற்சியாளரின் முடிவு.

மூன்றாவது கோல்கீப்பர். சிலர் வெள்ளி ஒருவர், சனி ஒருவர் என்று மாற்றுவார்கள். சிலர் ஒரே ஆளை இரண்டு நாளும் நிறுத்துவார்கள். பின்னதில் ஆபத்து உண்டு. ஒரு ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் முட்டி போட்டு எழுந்தவரின் இடுப்பும் தொடையும் இருபது மணி நேரத்தில் பழைய நிலைக்கு வருவதில்லை. மூன்றாம் பீரியடில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் தள்ளிப் போகும் வேகம் ஒரு நூலளவு குறையும். எதிரணி அங்கேதான் பாஸ் போடும்.

ஒரு சங்கதி. இந்தச் சின்ன அரங்கம் போதாத நாளும் இங்கே வந்திருக்கிறது. 2017 ஜனவரி 14 அன்று ஆட்டத்தைப் பக்கத்துக் கோல் சென்டருக்கு மாற்றினார்கள். வந்தவர்கள் 15,359 பேர்.

நாள் 3, ஞாயிறு, சாலை

மேடிசனிலிருந்து மினியாபொலிஸ் 430 கிலோமீட்டர். ஐ-94 நெடுஞ்சாலையில் நாலு, நாலரை மணி நேரம். ஓ கிளேர் நகரம் வரை வயலும் பனியும்தான். வாடகைக் கார் எடுப்பவர்கள் இரண்டைப் பாருங்கள். கண்ணாடி கழுவும் திரவம் உறைகுளிருக்கு உரியதா? சாதா திரவம் என்றால் தெளித்த நொடியில் கண்ணாடியிலேயே உறைந்து கண்ணை மறைத்துவிடும். பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். பனிப்புயலில் சாலை அடைபட்டால் எஞ்சின் சூடுதான் துணை. வழியில் பெட்ரோல் பங்கில் சீஸ் கர்ட் என்ற பாலாடைக்கட்டித் துண்டுகளை வாங்கலாம். அன்றைக்குச் செய்ததென்றால் கடிக்கும்போது பல்லில் கீச்சிடும்.

நாள் 4, திங்கள், மினியாபொலிஸ்

வார நாளில் அணிகள் என்ன செய்கின்றன? என்.சி.ஏ.ஏ. விதிப்படி சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி, ஒரு நாளைக்கு 4 மணிக்கு மேல் கூடாது, ஒரு நாள் முழு ஓய்வு. ஆட்டம் நடக்கும் நாள் எவ்வளவு நேரம் ஆனாலும் 3 மணி என்றே கணக்கு. வெள்ளியும் சனியும் சேர்ந்து 6 போக, மிச்சம் 14 மணி நேரம். ஐஸ் பயிற்சி, எடை தூக்குவது, வீடியோ எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வகுப்புகள் தனி, முழுநேர மாணவிகள் என்ற தகுதி போனால் ஆட முடியாது.

மினசோட்டா பெண்கள் அணி ஆடும் ரிடர் அரினா 2002-இல் திறந்தது. 3,400 பேர் உட்காரலாம். பெண்கள் கல்லூரி ஹாக்கிக்கென்றே அமெரிக்காவில் கட்டிய முதல் அரங்கம். ஆண்கள் ஆடும் மரியூச்சி அரினா ஒட்டிய கட்டடம். ஆண்கள் அரங்கில் மிச்ச நேரம் கேட்டு வாங்கிப் பயிற்சி செய்வதற்கும், தனக்கென்று ஒரு ஐஸ், ஒரு உடைமாற்றும் அறை இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஊர் கோப்பைகளில் பார்க்கலாம்.

2012-13 சீசனில் மினசோட்டா 41 ஆட்டம் ஆடி 41-ஐயும் வென்றது. சமன்கூட இல்லை. கோல் வாசலில் பின்லாந்துக்காரர் நூரா ராட்டி. அவர் கணக்கில் மட்டும் 38 வெற்றி. பட்டியலில் பார்த்தால் வழுவழுவென்று போனதுபோல் இருக்கும். உண்மையில் காலிறுதியிலேயே நார்த் டகோட்டாவிடம் உயிர் போய் வந்தது: மூன்றாவது ஓவர்டைமில் 3-2. அரையிறுதியில் பாஸ்டன் காலேஜிடம் மறுபடி ஓவர்டைம், மறுபடி 3-2. இறுதியில் பாஸ்டன் யூனிவர்சிட்டியை 6-3. முந்தைய சீசன் கடைசியிலும் அடுத்த சீசன் தொடக்கத்திலும் வந்த வெற்றிகளைச் சேர்த்துத் தொடர்ச்சியாக 62. அந்தத் தொடரை 2013 நவம்பரில் அறுத்ததும் அதே நார்த் டகோட்டாதான். அந்த அணி இன்றைக்கு இல்லை. 2017-இல் பல்கலைக்கழகம் செலவைக் காட்டி மூடிவிட்டது. தோற்று மறைந்த அணியல்ல அது. ஆண்கள் அணி அங்கே தொடர்கிறது.

2025 மார்ச் மாதத்துத் தேசிய இறுதி ஆட்டமும் இதே ரிடரில்தான். ஒஹையோ ஸ்டேட் 3, விஸ்கான்சின் 2. கடிகாரத்தில் 18.9 விநாடி பாக்கி. கோல் வாசலின் நீல வளையத்துக்குள் கோல்கீப்பர் அல்லாத வேறு யாரும் பக்கைக் கையால் மூடக் கூடாது. மூடினால் பெனால்டி ஷாட். நடுவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு அதை விஸ்கான்சினுக்குக் கொடுத்தார்கள். விஸ்கான்சினின் கர்ஸ்டன் சிம்ஸ் தனியாக வந்து போட்டார். ஓவர்டைமில் 2 நிமிடம் 49-ஆவது விநாடியில் வெற்றி கோலும் அவரே. விஸ்கான்சினுக்கு எட்டாவது கோப்பை. அந்த அணியின் பயிற்சியாளர் மார்க் ஜான்சன், 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை அமெரிக்கா வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர்.

நாள் 5, செவ்வாய், சாணை

அணிகளின் உள்ளறைக்குள் வெளியாருக்கு இடமில்லை. ஆனால் ஸ்கேட் தீட்டும் சாணை எல்லா ரிங்கிலும் ஒன்றுதான். பொது ரிங்க் ஒன்றின் கடையில் அரை நாள் நின்றால் சீசனில் பாதி புரிந்துவிடும்.

ஸ்கேட்டின் அடியில் இருப்பது கத்தி அல்ல. சுமார் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகுப் பட்டை. அதன் அடிப்பரப்பில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் தோண்டியிருக்கும். வாய்க்காலின் இரண்டு கரையும்தான் ஐஸைப் பிடிப்பவை. சாணைக்கல்லின் விளிம்பை வைரமுனையால் வட்டமாகச் சீவி, அந்த வட்டத்தை எஃகில் பதிக்கிறார்கள். வட்டத்தின் ஆரம் அரை அங்குலம் என்பது நடுத்தரம். எட்டில் மூன்று அங்குலம் என்றால் வாய்க்கால் ஆழம். பிடி அதிகம், திருப்பத்தில் வழுக்காது. எட்டில் ஐந்து என்றால் மேலோட்டம். சறுக்கு நீளும், கால் களைக்காது. எடை குறைந்தவர்கள் ஐஸை அழுத்துவது குறைவு, அதனால் கொஞ்சம் ஆழமாகக் கேட்பார்கள். ஐஸ் கெட்டியாக இருக்கும் ஊருக்குப் போனால் ஆழம், இளகிய ஐஸ் என்றால் மேலோட்டம்.

சாணைக்காரர் ஸ்கேட்டைப் பிடியில் முடுக்கினார். பட்டையின் நடுவும் கல்லின் நடுவும் நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். குதிகாலிலிருந்து முனைக்கு ஒரே வேகத்தில் ஒரு இழுப்பு. பொறி ஒரு கோடாகப் பறந்தது. நாலு இழுப்புக்குப் பிறகு பட்டையில் ஒரு சொட்டு எண்ணெய், கை அழுத்தமே இல்லாமல் கடைசி இழுப்பு. பிறகு சின்னக் கல்லால் இரண்டு பக்கத்துப் பிசிறையும் வழித்தார். விரலால் தடவிப் பார்த்தால் தெரியாத பிசிறு முதல் சறுக்கலில் ஐஸைக் கடித்து ஆளைத் தள்ளிவிடும். கடைசியில் ஒரு நாணயத்தைப் பட்டையின் குறுக்கே இரு கரையிலும் படும்படி வைத்தார். நாணயம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு கரை உயரம், ஒரு கரை தாழ்வு. அப்படிப்பட்ட ஸ்கேட்டில் நேராகப் போகிறவர் காரணம் தெரியாமல் ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டே இருப்பார். இதுதான் அதிகம் நடக்கும் பிசகு. பட்டையை நடுவில் நிறுத்தாமல் பிடியை முடுக்குவதால் வருவது.

ஒரு ஜோடிக்கு ஐந்து நிமிடம் என்றாலும் இருபது ஜோடிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். ஒவ்வொரு சாணையும் எஃகில் கொஞ்சம் தின்றுவிடும். முனையில் அதிகம் தேய்ந்தால் ஆள் முன்னால் சாய்வார், குதிகாலில் தேய்ந்தால் பின்னால். அதனால் ஒரு சீசனில் பட்டையையே மாற்ற வேண்டி வரும். இப்போதைய ஸ்கேட்டுகளில் விசையை அழுத்தினால் பட்டை கழன்று வரும். ஆட்டத்தின் நடுவே கோல் கம்பத்தில் உரசி வெட்டுப்பட்டால் பெஞ்சிலேயே அரை நிமிடத்துக்குள் வேறு பட்டை போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கூர் தீட்டிய ஒரு ஜோடி தயாராகப் பையில் இருக்கும்.

உடைமாற்றும் அறையிலிருந்து ஐஸ் வரை கறுப்பு ரப்பர் விரிப்பு போட்டிருப்பதும் இதற்குத்தான். வெறும் கான்கிரீட்டில் நாலு எட்டு வைத்தால் மேலே சொன்ன வேலை அத்தனையும் வீண்.

மட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாம் கார்பன் நார். வளைவுத்தன்மைக்கு ஒரு எண் உண்டு. ஆண்களில் 85 சகஜம் என்றால், பெண்கள் ஆட்டத்தில் 65, 70, 75. எண் கூடினால் மட்டை விறைப்பு. தன் எடைக்கு மிஞ்சிய விறைப்பை எடுத்தவரால் மட்டையை வளைக்க முடியாது, ஷாட்டில் உயிர் இருக்காது. அலகில் துணி நாடா சுற்றி மேலே மெழுகு தேய்ப்பார்கள். மெழுகு இல்லாவிட்டால் ஈரம் ஊறிப் பனி ஒட்டி மட்டை கனத்துப்போகும்.

நாள் 6, புதன்

காலண்டர் மட்டும். செப்டம்பர் கடைசியில் ஆரம்பம். டிசம்பரில் தேர்வுக்கும் பண்டிகைக்கும் இடைவெளி. பிப்ரவரியில் லீக் முடிகிறது. பிறகு முதல் நாலு இடத்து அணிகளின் ஊரில், மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றால் போதும் என்ற தொடர். அதன் பின் தேசியப் போட்டி, 11 அணிகள். முதல் மூன்று தரவரிசைக்காரர்கள் சும்மா இருக்க, 6 முதல் 11 வரை உள்ளவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு அவர்களிடம் வருவார்கள்; 4-ம் 5-ம் நேருக்கு நேர். காலிறுதி வரை மேலிடத்தாரின் சொந்த அரங்கில்தான். ஐந்தாம் இடத்துக்கும் நாலாம் இடத்துக்கும் உள்ள ஒரே வித்தியாசம் ஒரு பஸ் பயணம். நவம்பரில் ஏதோ ஒரு சனிக்கிழமை ஓவர்டைமில் விட்ட புள்ளி மார்ச்சில் இப்படி வந்து நிற்கும்.

குளிர்கால ஒலிம்பிக் வரும் ஆண்டில் கணக்கே மாறும். நாட்டு அணிக்குப் போகிறவர்கள் முன்பெல்லாம் சீசன் முழுவதும் இருக்க மாட்டார்கள்.

நாள் 7, வியாழன், மினியாபொலிஸிலிருந்து டுலூத்

மினசோட்டா அணி ஆண்டுதோறும் டுலூத்துக்குப் போகும் அதே சாலையில் இன்று. ஐ-35, 250 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். பாதி வழியில் ஹின்க்லி. அங்கே டோபீஸ் கடையில் கேரமல் ரோல் வாங்காமல் போனால் இந்த ஊர்க்காரர்கள் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஒன்று இரண்டு பேருக்குக் காணும்.

அணி பஸ்ஸில் சாமான் ஏற்றுவது ஒரு கலை. கடைசியில் ஏறுவது முதலில் இறங்கும் என்பது அடிப்படை. முதலில் உள்ளே போவது ஜெர்ஸிப் பெட்டி, சலவைப் பை. பிறகு ஆட்களின் பை இருபதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் தலைக்கவசம், தோள்காப்பு, முழங்கைக் காப்பு, கையுறை, முழங்கால் காப்பு, ஸ்கேட், அப்புறம் அந்தப் பொதபொத கால்சட்டை. மற்ற ஊரில் வெறும் பேன்ட்ஸ் என்பதை மினசோட்டாவில் மட்டும் 'பிரீஸர்' என்பார்கள். கோல்கீப்பர் பை மூன்றும் அண்டா மாதிரி. ஆளுக்கு மூன்று, நாலு மட்டை என்று வைத்தால் எழுபது மட்டை. அவை நீளப் பைகளில் படுக்கையாக. வாசலை ஒட்டி மருத்துவப் பெட்டி, நாடாச் சுருள்கள், தண்ணீர்க் குப்பிகள், பெட்டிக்குள் அடங்கும் சாணை மெஷின்.

வியாழன் ராத்திரியே போய்ச் சேர்வதற்கு ஓய்வு மட்டும் காரணம் அல்ல. சாமானை ராத்திரி பஸ்ஸின் அடிவயிற்றில் விட முடியாது. ஜனவரியில் டுலூத் ராத்திரி மைனஸ் 20-ஐத் தொடுவது அதிசயமில்லை. ஈரம் காயாத கையுறை பலகை மாதிரி உறைந்துவிடும். ஸ்கேட் தோல் விறைத்துக் காலில் ஏறாது. கார்பன் மட்டை அந்தக் குளிரில் நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். ஆகவே ஹோட்டலுக்கு முன்னால் அரங்கம். எல்லாவற்றையும் இறக்கி, கொக்கியில் மாட்டி, மின்விசிறியைப் போட்டுவிட்டுத்தான் சாப்பாடு.

ஊருக்குள் நுழையும் முன் தாம்சன் குன்றின் உச்சி வரும். அங்கேயிருந்து சாலை சரேலென்று கீழே விழும்போது எதிரே சுப்பீரியர் ஏரி. கடல் என்று சொன்னால் நம்பலாம். கரையோரம் ஐஸ், அதற்கப்பால் கறுப்புத் தண்ணீரில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

நாள் 8, வெள்ளி, டுலூத்

ஆம்சாயில் அரினா துறைமுகத்தின் தோளில் நிற்கிறது. 2010 டிசம்பரில் திறந்தது; ஹாக்கிக்கு 6,000-க்கு மேல் இருக்கை. பெண்கள் ஆட்டத்துக்கு இது பெரிய அரங்கம், வெற்று இருக்கைகள் கண்ணில் படும். ஆனால் இந்த ஊரை அதனால் எடை போடாதீர்கள். 2001, 2002, 2003 என்று முதல் மூன்று தேசியக் கோப்பையும் இங்கேதான் வந்தது. ஷானன் மில்லர் என்ற பயிற்சியாளர், ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்களைத் திரட்டிக் கட்டிய அணி. அவர் காலத்தில் மொத்தம் ஐந்து.

இன்று மோதும் மினசோட்டா, மினசோட்டா டுலூத் இரண்டு அணிக்கும் ஒரே நிறம், மரூனும் பொன்னும். உள்ளூர்க்காரர்கள் வெள்ளை, வந்தவர்கள் அடர்நிறம் என்ற வழக்கம் இல்லாவிட்டால் யார் யாரென்றே தெரியாது.

இன்று ஐஸை மட்டும் பார்த்தோம். மேலே நிற்கும் ஐஸின் தடிமன் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான். அடியில் கான்கிரீட், அதற்குள் குளிர்ந்த உப்புநீர் ஓடும் குழாய்கள். மேற்பரப்பை மைனஸ் 4 அல்லது 5 டிகிரியில் வைப்பார்கள். ஐஸ் தடித்துவிட்டால் குளிர் மேலே வந்து சேராது, மேல்பக்கம் இளகும். மெலிந்தால் ஸ்கேட் கான்கிரீட்டைத் தொடும். கூட்டம் கூடி உள்ளே சூடும் ஈரமும் ஏறினாலும் இளகும்.

இடைவேளையில் ஜாம்போனி வண்டி வரும். அடியில் அகலமான ஒரு கத்தி ஒரு மெல்லிய தோலைச் சீவும். சீவிய பனியைத் திருகு உள்ளே இழுக்கும். பின்னால் ஈரத்துணி சூடான தண்ணீரை, சுமார் 60 டிகிரி, பூசிக்கொண்டே போகும். உறையவைக்க எதற்குச் சுடுதண்ணீர்? பச்சைத் தண்ணீர் பட்ட இடத்திலேயே உறைந்து கீறலுக்கு மேல் கூரை போட்டுவிடும். சுடுதண்ணீர் கீறலின் கரையை லேசாக உருக்கி உள்ளே இறங்கிப் பழைய ஐஸோடு ஒன்றாகும். கரைந்திருக்கும் காற்றும் அதில் குறைவு, உறைந்தால் கெட்டி. வண்டி போன பிறகு உறைய நேரம் வேண்டும். ஓட்டுநர் தண்ணீரைத் தாராளமாக விட்டுவிட்டால் பீரியடின் முதல் இரண்டு நிமிடம் பக் தண்ணீரில் இழுபடும், பாஸ் எல்லாம் பாதியில் நிற்கும். அதை அறிந்த அணி அந்த இரண்டு நிமிடம் நீளப் பாஸே போடாது.

புது ஐஸில் கோல்கீப்பர் முதலில் செய்யும் காரியத்தைக் கவனியுங்கள். நீல வளையத்துக்குள் பக்கவாட்டில் காலை வைத்து வறட் வறட்டென்று பிராண்டுவார். ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை ஒரு அங்குலம் விடாமல். கண்ணாடி மாதிரி இருக்கும் ஐஸில் தள்ளினால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். சொரசொரப்பாக்கினால் தள்ளிய அளவுக்கு நிற்கலாம். பிராண்டி முடித்ததும் குவிந்த பனித்தூளை மட்டையால் கோல் கம்பத்தின் அடிக்கு ஒதுக்கினார்.

பக் என்பது 2.5 சென்டிமீட்டர் தடிமனில் 7.6 சென்டிமீட்டர் அகல ரப்பர் வில்லை, 170 கிராமுக்குள். சூடான ரப்பர் துள்ளும். அதனால் ஆட்டத்துக்கு முன்பே உறையவைத்து, பெனால்டி அறைக்குப் பக்கத்தில் குளிர்ப்பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். பக் துள்ள ஆரம்பித்தால் நடுவர் சத்தமில்லாமல் வேறொன்றை வாங்கிக்கொள்வார்.

நாள் 9, சனி, டுலூத்

பகல் ஆட்டம். நேற்று இரவுக்கும் இன்று பகலுக்கும் நடுவே ஒரு நாள்கூட முழுசாக இல்லை. கையுறைகள் முக்கால்வாசிதான் காய்ந்திருக்கும். உள்ளங்கைத் தோல் ஈரத்தோடு மட்டையில் வழுக்கும். அதனால்தான் பலரிடம் இரண்டாவது ஜோடி. இதில் சோம்பல் பட்டால் வழுக்கல் மட்டுமல்ல, தோலில் கிருமி பிடித்து ஒருவரிடமிருந்து அணி முழுக்கப் பரவும்.

முதல் ஐந்து நிமிடம் நடுவட்டத்தைப் பார்த்தோம். பக்கை நடுவர் போடும் நொடியில் இரண்டு அணியின் சென்டர்களும், அதாவது நடு ஆட்டக்காரர்களும், குனிந்து நிற்கிறார்கள். வந்த அணியின் சென்டர் நேற்று முழுக்கப் பக்கைப் பின்னால் இழுத்தே வென்றார். இன்று உள்ளூர் சென்டர் பக்கைத் தொடவே முயலவில்லை. எதிராளியின் மட்டையை முதலில் தூக்கிவிட்டு, தரையில் கிடந்த பக்கைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். மூன்று முறை அதே மாதிரி. நாலாவது முறை வந்த அணியின் சென்டர் கீழ்க்கையைத் திருப்பி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்து நின்றார். மட்டையைத் தூக்க முடியவில்லை. வீடியோவில் இல்லாத பதில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் கண்டுபிடித்தது.

மூன்றாம் பீரியடில் ஆட்கள் மாறும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நாற்பது விநாடி முப்பத்தைந்தானது. கால் கனத்துவிட்டது என்பதற்கு அடையாளம், வேகமாகத் திரும்ப வேண்டிய இடத்தில் அகல வட்டமாகப் போவது. பக்கை நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே கண்மூடித் தூர அடிப்பது இன்னொன்று. அது எதிரணி கோல்கோட்டைத் தாண்டினால் ஐஸிங். பக் திரும்பவும் இங்கேயே வரும், அடித்த அணி ஆள் மாற்றவும் கூடாது. களைத்தவர்கள் களைப்போடு நின்றே ஆக வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் பின்தங்கிய அணி கோல்கீப்பரை வெளியே எடுத்து ஆறாவது ஆளை இறக்கும். அப்போது எழுந்து நிற்பவர்களால் பின்வரிசைக்கு மறைக்கும். கொஞ்சம் முன்பே படிக்கட்டு ஓரத்துக்கு நகர்ந்துவிடுங்கள்.

ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்தில் அரங்கத்தின் பின்வாசலில் பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பீட்சா அட்டைப்பெட்டிகள் முன்கதவு வழியே ஏறின. ஈரப் பைகள் அடிவயிற்றில். இந்த முறை ஒழுங்கு வேறு. ஜெர்ஸிகளை ராத்திரியே துவைக்கப் போட வேண்டும், அதனால் சலவைப் பைகள் வாசலை ஒட்டி. சாணை மெஷின் உள்ளே போய்விட்டது. அதற்குச் செவ்வாய் வரை வேலையில்லை.